மீண்டவர் பாட்டு



முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை ஒட்டிய கிரெய்க்லாக்கர்ட் என்னும் படை மருத்துவமனையில் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் இன்னொரு நோயாளியின் அறைக் கதவைத் தட்டினார். அவர் கையில் சில புத்தகங்கள் இருந்தன. அவ்வறையில் இருந்தவர் எழுதிய கவிதை நூலின் படிகள் அவை. கையொப்பம் வாங்க வந்திருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கதவைத் தட்டியவர் வில்பிரட் ஓவன். உள்ளே இருந்தவர் சீக்ஃபிரீட் சசூன். ஓவன் களத்தின் அதிர்ச்சியால் நிலைகுலைந்து அங்கு அனுப்பப்பட்டவர். பேச்சில் திக்கல் இருந்தது. இரவில் கொடுங்கனவுகள் வந்தன. கவிதை எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தம்மை வருத்திய போரைக் கவிதைக்குள் அவர் பெரிதும் விடவில்லை.

அவருக்கு மருத்துவம் பார்த்த ஆர்தர் பிராக் என்பவர், நோயாளியைச் சும்மா படுக்க வைப்பதில் நம்பிக்கை இல்லாதவர். அவரவர்க்கு இயன்ற வேலையைக் கொடுத்தே அவரவரைத் தேற்ற வேண்டும் என்று கருதியவர். ஓவனை மருத்துவமனை இதழின் ஆசிரியராக்கினார். பட்டதை எழுதுமாறு தூண்டினார். சசூனோ ஓவனின் வரைவுகளை வாங்கிப் பென்சிலால் திருத்தினார். ‘ஆந்தெம் ஃபார் டூம்டு யூத்’ என்னும் புகழ்பெற்ற கவிதையின் கைப்படியில் சசூனின் கையெழுத்தை இன்றும் காணலாம். தலைப்பில் உள்ள சொல்லே அவர் தந்தது. ஆயினும் கவிதை ஓவனுடையது. அதில் எவர்க்கும் ஐயம் எழுந்ததில்லை.

கவிதை தேறியது, மனிதர் தேறினாரா? எழுத்தளவில் வியக்கத்தக்க அளவு தேறினார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அன்றைய படை மருத்துவத்திற்கு இருந்த நோக்கம் வேறு. தேறியவரை அது மீண்டும் களத்திற்கே அனுப்பியது. 1918 நவம்பர் 4ஆம் நாள், போர் நிறுத்தத்திற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, பிரான்சில் ஒரு கால்வாய்க் கரையில் ஓவன் கொல்லப்பட்டார்.

இந்நிகழ்ச்சியை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேரதிர்ச்சியால் நைந்துபோன ஒருவர் அருகில் இன்னொருவர் அமர்ந்து, அவர் பட்டதைப் பாட்டாக்கத் துணை நிற்பது இன்று ஒரு மருத்துவ முறையாகவே வளர்ந்திருக்கிறது. அப்பாட்டு ஒலிப்பதிவு செய்யப்பட்டு அவர் கையிலேயே தரப்படுகிறது. அம்முறை எப்படி இயங்குகிறது, அதில் கவிஞரின் இடம் எது, பிறக்கும் பாட்டு யாருடையது என்பனவே இவ்வுரையின் பொருள்.

தமிழகத்தில் இசை மருத்துவம் என்றவுடன் இன்ன நோய்க்கு இன்ன இராகம் என்னும் பட்டியல் சிலர் நினைவுக்கு வரும். இங்குப் பேசப்படுவது அதுவன்று. இதில் நோயாளி கேட்பவர் அல்லர், ஆக்குபவர். இந்த வகை இசைச் சிகிச்சை துறையாக உருப்பெற்றது பெரும்பாலும் போர்களின் பின்விளைவாகவே. 1915இல் சார்லஸ் மயர்ஸ் என்னும் மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ என்னும் சொல்லை மருத்துவ ஏட்டில் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்றோர் அமெரிக்க மருத்துவமனைகளில் நிறைந்தபோது, பாடகரும் இசைக் கருவியாளரும் அங்குச் சென்றனர். நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பது விளங்கிற்று. 1944இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இதற்கென முதற் பட்டப் படிப்பு தொடங்கிற்று. 1950இல் தேசியச் சங்கம் ஒன்று அமைந்தது. வியட்நாம் போர் முடிந்த பின், 1980இல்தான், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன நெருக்கடி என்பது தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் கையேட்டில் இடம்பெற்றது.

ஈழத்து மனநல மருத்துவர்கள் இதற்கு மனவடு என்னும் சொல்லை வழங்குகின்றனர். புண்ணையும் வடுவையும் வேறு பிரித்துச் சொன்ன வள்ளுவரை அறிந்த தமிழருக்கு இச்சொல்லின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. மனவடு பட்டவரின் தொல்லை மறதியன்று, நினைவே. அதுவும் ஒழுங்காக, தொடக்கமும் முடிவும் உள்ள கதையாக வரும் நினைவன்று. ஒரு மணம், ஒரு ஒலி, ஒரு முகம் எனச் சிதறல் சிதறலாக, அழையாமலே வந்து, அன்று நடந்தது இன்று நடப்பதுபோல் உடலை உலுக்கிச் செல்லும். சொல்லச் சொன்னால் சொல் வராது. 1996இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், இத்தகைய நோயாளிகள் எண்மருக்கு அவர்கள் பட்டதையே விவரித்துக் கேட்கச் செய்து மூளையைப் படம் எடுத்தபோது, பேச்சுக்குரிய புரோக்கா பகுதியில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது தெரிந்தது. எட்டுப் பேரை வைத்துப் பெரிய கோட்பாடு கட்டக் கூடாது. எனினும், “வாயடைத்துப் போயிற்று” என்று மக்கள் சொல்லிவந்த நிலையோடு அந்தப் படங்கள் பொருந்தி நின்றன.

இவ்விடத்தில்தான் பாட்டு உதவிக்கு வருகிறது. பேசு என்றால் எங்குத் தொடங்குவது என்று தெரியாமல் திகைப்பவருக்குப் பாட்டு ஒரு வரம்பு கட்டித் தருகிறது. மூன்று சரணம், ஒரு பல்லவி, நான்கு நிமிடம். யாத்தல் என்பதற்குக் கட்டுதல் என்பதே பொருள் என்பதைக் கவிஞர் அறிவர். நினைவு அழையாமல் திரும்பத் திரும்ப வருகிறது. பல்லவியும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் பல்லவி எப்போது வரும் என்பது பாடுபவருக்கு முன்பே தெரியும். அந்த ஒரு வேறுபாட்டில் பெரும் ஆறுதல் இருக்கிறது. நினைவுக்கு முடிவில்லை, பாட்டு முடிந்துவிடும்.

பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் முதல் நாளே புதுப் பாட்டு எழுதச் சொல்வதில்லை. நோயாளி விரும்பும் பழைய பாட்டொன்றை இருவரும் கேட்டு, அதன் சொற்களைப் பற்றிப் பேசுவதில் தொடங்கலாம். அடுத்து, அதே பாட்டின் சில சொற்களை எடுத்துவிட்டு வெற்றிடங்களை நிரப்பச் செய்வர். எடுத்துக்காட்டாக, “வீடு திரும்பிய பின் பிடிக்காமற் போன ஓசை” என்று ஓர் அடியைத் தொடங்கி வைத்தால், அதை முடிக்க வேண்டியவர் நோயாளி. வாணவெடி என்று ஒருவர் எழுதுவார். குழந்தையின் அழுகை என்று இன்னொருவர் எழுதக் கூடும். அந்த ஒரு சொல், ஒரு மணி நேரக் கேள்விகள் எட்டாத இடத்தை எட்டிவிடும். பின்னர் தெரிந்த மெட்டுக்கு முழுதும் புதிய சொற்கள். அதன் பின்னரே சொந்த மெட்டும் சொந்தப் பாட்டும். இந்தப் படிநிலைகளை ஆஸ்திரேலிய இசைச் சிகிச்சை அறிஞர் ஃபெலிசிட்டி பேக்கர் விரிவாக எழுதியிருக்கிறார். இவற்றில் எந்தப் படியிலும் நின்றுவிடலாம் என்பது முக்கியமானது. காயத்தின் நடுவிலேயே நேரே கையை விடுவது சிகிச்சையாகாது. மெட்டு விரைவாக ஓட வேண்டுமா, தாழ்ந்து செல்ல வேண்டுமா, இவ்விடத்தில் மௌனம் வேண்டுமா என்னும் முடிவுகளை நோயாளியிடமே விடுவர். தம் வாழ்வின் மிகக் கொடிய நேரத்தில் எதையும் முடிவு செய்ய இயலாமற் போன ஒருவருக்கு இந்தச் சிறு முடிவுகள் சிறியன அல்ல.

அடுத்தது ஒலிப்பதிவு. இதை வெறும் நினைவுப் பரிசு என்று எண்ணுவோர் உளர்; அது பிழை. பாடியதை மீண்டும் பாடிப் பதியும்போது, தம் துயரத்தைத் தாமே ஒரு கைவினைப் பொருள்போல் எட்ட வைத்துப் பார்க்கும் நிலை உண்டாகிறது. மூச்சு இந்த இடத்தில் போதவில்லை, இந்தச் சொல் தெளிவாக விழவில்லை, இன்னொரு முறை எடுப்போம் என்று பேசத் தொடங்கியவர் அந்நேரத்திற்கு நோயாளியல்லர், பாடகர். பதிவு கையில் வந்த பின் இன்னொன்று நிகழ்கிறது. அதை ஒலிக்கச் செய்வதும் நிறுத்துவதும் அவர் விரலில் இருக்கிறது. நள்ளிரவில் வரும் நினைவுக்கு அத்தகைய விசை ஏதும் இல்லை.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் பாடலாசிரியர் டார்டன் ஸ்மித், மேரி ஜட் என்பவரோடு சேர்ந்து 2012இல் ‘சாங்ரைட்டிங் வித் சோல்ஜர்ஸ்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். முன்னாள் படைவீரர் சிலரும் தொழில்முறைப் பாடலாசிரியர் சிலரும் வார இறுதியில் ஓரிடத்தில் கூடுவர். வீரர் பேசுவார், பாடலாசிரியர் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். பேச்சிலிருந்தே சொற்கள் எடுக்கப்படும். சில மணி நேரத்தில் ஒரு பாட்டு உருவாகிவிடும். எளிய முறையில் பதிவும் செய்யப்படும். இது மருத்துவமனைச் சிகிச்சையன்று. பாடலாசிரியர் மருத்துவரும் அல்லர். இவ்வேறுபாட்டை மறவாமல் இருப்பது இரு சாராருக்கும் நல்லது.

அங்குச் சென்றவர்களுள் ஒருவர் மேரி கோஷே. 1962இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்து, தாயால் கைவிடப்பட்டு, அனாதை விடுதியிலிருந்து தத்தெடுக்கப்பட்டவர். பதினைந்து வயதில் வீட்டை விட்டு ஓடியவர். மதுவிலும் போதைப் பொருளிலும் பல ஆண்டுகள் மூழ்கிக் கிடந்து, 1990இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கைதான பின் குடியை விட்டவர். முப்பது வயதைக் கடந்த பின்னரே பாட்டெழுதத் தொடங்கினார். தம் பிறப்பின் கதையையே 2010இல் ஓர் இசைத்தொகுப்பாக்கினார். வீரர் முன் அமர்வதற்கு அவருக்கு இருந்த தகுதிச் சான்று இதுதான் என்று கொள்ளலாம்.

வீரர்களோடும் அவர்தம் குடும்பத்தாரோடும் சேர்ந்து எழுதிய 11 பாடல்களை ‘ரைஃபிள்ஸ் அண்ட் ரோசரி பீட்ஸ்’ என்னும் தொகுப்பாக 2018 ஜனவரியில் அவர் வெளியிட்டார். அது கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதில் வீர முழக்கத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார். ஒரு பாட்டு, படையில் இயந்திரம் பழுது பார்த்த பெண் ஒருவருடையது. அவருக்கு இழைக்கப்பட்ட கேடு பகைவரிடமிருந்து வரவில்லை, உடனிருந்தவரிடமிருந்து வந்தது. இன்னொன்று, நண்பன் மாண்ட பின் தான் மட்டும் ஏன் எஞ்சினேன் என்று கேட்கும் வீரருடையது. மற்றொன்று வீரர்களின் மனைவியருடன் எழுதப்பட்டது. கணவன் வீடு திரும்பிய பின் வீட்டுக்குள் தொடங்கும் இரண்டாவது போரைப் பற்றியது. அந்த மனைவியர்க்குப் பதக்கம் எதுவும் இல்லை என்பதை இங்கே ஒரு குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கவிஞர்கள் கவனிக்க வேண்டிய செய்தி அத்தொகுப்பின் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் பாடலாசிரியர் பெயரோடு அவ்வீரரின் பெயரும், அல்லது வீரரின் துணைவியர் பெயரும், ஆசிரியர் பெயராகவே அச்சிடப்பட்டுள்ளது. “உதவி”, “தகவல்” என்றெல்லாம் கீழே சிறிய எழுத்தில் அன்று. சொல் யாருடையதோ பாட்டு அவருடையது என்னும் கொள்கை அது.

கேட்பதற்கு எளிது, கைக்கொள்வது கடினம். தேர்ந்த கவிஞருக்குத் தேர்ந்த வரி தோன்றாமல் இராது. எதிரில் இருப்பவர் “வண்டி சூடாக இருந்தது” என்று சொன்னால், கவிஞரின் உள்ளம் உடனே எரியும் பாலை, செந்தணல், ஊழித் தீ என்று விரையும். அவ்வரி அழகாகவும் இருக்கும். ஆனால் அவ்வண்டிக்குள் இருந்தவர் அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாரானால், அழகு எத்துணையாயினும் அவ்வரி அப்பாட்டுக்கு உரியதன்று. “இது சரியா?” என்று கேட்டு, “இல்லை” என்னும் விடை வந்தால் அடித்துவிட வேண்டும். எது நல்ல வரி என்று முடிவு செய்யும் உரிமையை, யாப்பும் அணியும் அறியாத ஒருவரிடம் விட்டுக்கொடுப்பதற்கு மிகுந்த பணிவு வேண்டும். சசூன் பென்சிலைப் பிடித்தபோது எதிரில் இருந்தவரும் கவிஞர். தமக்கு ஒவ்வாததை மறுக்க அவருக்குத் தெரியும். வாயே திறக்க முடியாத ஒருவர் மறுக்க மாட்டார். மறுக்காததை இசைவு என்று எடுத்துக்கொள்வதே இப்பணியில் நேரக்கூடிய பெரிய தவறு. துயரம் கவிஞருக்கு நல்ல கருப்பொருள் என்பது உண்மை. ஆதலாலேயே எச்சரிக்கையும் வேண்டும். பாட்டு யார் காதுக்குச் செல்லலாம், மனைவிக்கு மட்டுமா, ஊருக்கா, யாருக்கும் இல்லையா என்பதையும் அவரே சொல்ல வேண்டும். இன்று ஆம் என்றவர் ஓராண்டு கழித்து வேண்டாம் என்றால் அதற்கும் இடம் இருக்க வேண்டும். வெளியான பதிவைத் திரும்பப் பெறுவது அரிது என்பதை முன்னதாகவே அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இம்முறையின் பயன் மெய்ப்பிக்கப்பட்டதா என்னும் வினா எழும். இலண்டனில் ஏனைய உளச் சிகிச்சையால் போதிய பயன் பெறாத 17 பேரைக் கொண்டு நடந்து 2012இல் வெளிவந்த சோதனையில், பத்து வாரக் குழு இசைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய்க்குறிகள் குறைந்தன. ஆனால் அங்கு நடந்தது பெரும்பாலும் கருவிகளைக் கொண்டு அவ்வப்போது தோன்றியதை இசைத்தல். பாடல் இயற்றல் அன்று. அமெரிக்கப் படைத்துறை மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற வீரர் 11 பேர் இயற்றிய 14 பாடல்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019இல் வெளிவந்தது. அப்பாடல்களில் தம்மோடு தாம் நடத்தும் போராட்டமும், மனைவி மக்களோடு உள்ள உறவும், மேலே நகர வேண்டும் என்னும் விழைவும் இடம்பெற்றிருந்தன. நேரில் சொல்ல இயலாததைச் சொல்ல, வீரர்கள் அப்பதிவுகளைத் தம் நெருங்கியோரிடம் தந்தனர் என்பதே அக்கட்டுரையில் கவிஞருக்கு மிகவும் பயன்படும் செய்தி. எண்ணிக்கைகள் சிறியன. பாட்டு மருந்துக்கு மாற்று என்று முழங்குவதற்கு இவை இடம் தரவில்லை.

பாட்டெழுதினாலே போதும் என்று எண்ணுவோர் ஐவர் கர்னியை நினைக்க வேண்டும். ஓவனைப் போலவே அவரும் முதல் உலகப் போரில் பொருதவர். கவிஞர், இசையமைப்பாளர் இருவரும் ஒருவராய் அமைந்தவர். பதுங்கு குழிகளுக்கிடையே இருந்துகொண்டே பாடல்களுக்கு இசையமைத்தார். 1917இல் குண்டுக் காயமும் பட்டார். நச்சுப் புகைக்கும் ஆளானார். முந்நூறு பாடல்களுக்கு மேல் இசையமைத்தவர், 1922இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1937இல் இறக்கும் வரை அத்தகைய மருத்துவமனைகளிலேயே இருந்தார். அவருடைய நோய்க்குப் போர் மட்டுமே காரணமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அங்கும் எழுதினார், ஏராளமாக எழுதினார். எழுத்து அவரை மீட்கவில்லை. போரில் மாண்ட கவிஞர் எட்வர்ட் தாமசின் மனைவி ஹெலன் அவரைப் பார்க்கச் சென்ற செய்தி ஒன்று உண்டு. மறுமுறை சென்றபோது, தம் கணவர் பயன்படுத்திய குளோஸ்டர்ஷயர் நிலப்படங்களை அவர் எடுத்துச் சென்றார். கர்னி அவற்றைப் படுக்கையில் விரித்து, தம் ஊர்ப் பாதைகளின் மேல் விரலை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு வளைவையும் தோட்டத்தையும் கண்டு மகிழ்ந்தார். ஹெலனும் உடன் விரலை நகர்த்தினார். அந்த ஒரு மணி நேரம் கர்னி தம் ஊரில் நடந்தார். பாட்டு எழுத ஆள் இருப்பது போல, உடன் நடக்க ஆள் இருப்பதும் வேண்டியிருக்கிறது.

தமிழில் இதற்கு அண்மையில் நிற்பது ஒப்பாரி. புறத்திணையில் கையறுநிலை என்றொரு துறை வகுத்த மரபு, அவ்வேலையை நாள்தோறும் செய்ய விட்டது எழுத்தறியாப் பெண்களிடம். இழந்தவள் தானே கட்டிப் பாடுகிறாள். மெட்டும் அடியமைப்பும் ஊர் தந்தவை, சொல் அவளுடையது. சுற்றி அமர்ந்த பெண்கள் தோளில் கைபோட்டு உடன் அழுகிறார்கள். வரம்பு, சொந்தச் சொல், கேட்போர் ஆகிய மூன்றும் அங்கு இருக்கின்றன. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஈழப் போரின் உளப் பாதிப்பைப் பற்றிய தம் நூலை 1998இல் வெளியிட்டவர். இறுதிச் சடங்கும் ஒப்பாரியும் போன்ற மரபு வழக்கங்கள் இழப்பைத் தாங்க உதவுவன என்று எழுதியவர். 2009இல் போர் முடிந்தபோது, காணாமற் போனவர்களின் தாய்மாருக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. மகன் இறந்தான் என்று உறுதியாகத் தெரியாத தாய் எப்படி ஒப்பாரி வைப்பாள்? வைத்தால் தானே அவனைக் கொன்றது போலாகும். அத்தாய்மார்க்கு வேண்டிய பாட்டின் துறை இன்னும் எந்த இலக்கணத்திலும் பெயர் பெறவில்லை.

அவர்கள் அருகில் சென்று அமரும் கவிஞர், போகுமுன் தம் அலமாரியில் உள்ள நாட்டார் பாடல் தொகுப்புகளை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். ஒலிநாடாவில் பதிந்து, எழுத்தில் பெயர்த்து, அச்சேற்றிய ஒப்பாரிகள் அவற்றில் நிறைய உண்டு. தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும்; அணிந்துரை தந்தவர் பெயர் உள்ளே இருக்கும். பாடிய பெண்ணின் பெயர், அவள் யாரை இழந்து பாடினாள் என்னும் செய்தி, அச்சிட அவள் இசைந்தாளா என்னும் குறிப்பு, இவை பல தொகுப்புகளில் இல்லை.